கழற்றிய பிளாஸ்டருக்கு நாடா ஒட்டிய கதை

போன மாதம் தர்சினி தொலைபேசி எடுத்தாள். கை கால்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிற, நான் வேலை செய்து ஓய்வு பெற்ற அதே மருத்துவமனைப் பிளாஸ்டர் அறையில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளை அவள். பாரிசில் பிறந்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், அவசரம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவாள்.

"அங்கிள், ஒரு விசயம் கேக்கோணும். குழந்தையளின்ரை காலில இருந்து கழட்டின பிளாஸ்டரை சில தாய் தேப்பன் வீட்டை கொண்டுபோகக் கேப்பினம்தானே. குடுக்கிறதுக்கு முதல் அதின்ரை விளிம்புக்கு வெள்ளை நாடா ஒட்டித்தான் குடுக்கிறம். ஏன் எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியேல்லை. உங்களைச் சொல்லி, 'சிவம் இருந்த காலத்தில இருந்தே அப்பிடித்தான்' எண்டு சொல்லுகினம். கழட்டின பிளாஸ்டர் உரஞ்சினா இனி ஆருக்கு நோகப் போகுது?"

"ஒருத்தருக்கும் நோகாது எண்டு நினைக்கிறியோ?"

"அங்கிள், ப்ளீஸ். பயப்பிடுத்தாதேங்கோ. நான் இப்ப தனியத்தான் அறைக்குள்ள நிக்கிறன்."

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்துப் பழக்கம் குறைந்தவன் நான். காலையில் பிள்ளையாருக்கு ஒரு பூ வைத்துவிட்டு உட்கார்ந்தால்தான் பேனா நகர்கிறது. இன்று வைத்துவிட்டேன்.

ஊரில் என் படிப்பு பாதியில் நின்றது. பாரிசின் லா சப்பலுக்கு வந்த புதிதில் மரக்கறிப் பெட்டி இறக்கினேன், உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற வேலை கிடைத்தது. ஒரு நாள் ஒரு கட்டிலைப் பிளாஸ்டர் அறைக்குத் தள்ளிப் போனபோது, அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பிடிக்க ஆளில்லை. "நீ பிடி" என்றார் மதாம் ருசெல். பிடித்தேன். ஓய்வு பெறும் வரை விடவில்லை. இடையில் பயிற்சி, பரீட்சை எல்லாம் நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மதாம் ருசெல்தான் அந்த அறையின் தலைவி. உயரமான, ஒடிந்துவிடுவது போல மெலிந்த பெண். வெந்நீரில் தன் கைகளைச் சூடாக்காமல் ஒரு குழந்தையையும் தொடமாட்டார். பிளாஸ்டர் இறுகும் வரை அவரும் பேசமாட்டார், மற்றவர்களையும் பேச விடமாட்டார். குழந்தை பால் உறிஞ்சும் சத்தமும் குழாய் சொட்டுகிற சத்தமும் மட்டும் கேட்கும். கடைசியில் ஒரு விரல் நகத்தால் பிளாஸ்டரைத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் சரியாக வந்தால் தலையை அசைப்பார். அதன் பிறகுதான் நாங்கள் மூச்சு விடுவோம்.

எங்களிடம் வந்த குழந்தைகளில் பலர் உள்நோக்கி வளைந்த பாதத்தோடு பிறந்தவர்கள். பாதம் உள்ளே திரும்பி, குதிக்கால் மேலே ஏறி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பாதத்தை மதாம் ஒரு நாளும் இழுத்துத் திருப்பியதில்லை. கணுக்காலுக்கு வெளிப்புறம் முண்டாகத் தெரிகிற எலும்பில் ஒரு பெருவிரலை வைப்பார். மற்றக் கையால் பாதத்தின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் கொண்டுவருவார். குதிக்காலைத் தொடமாட்டார். கால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ அவ்வளவுதான். அந்த இடத்தில் பிடித்தபடியே நிற்பார். நான் பஞ்சு சுற்றி, நனைத்த பிளாஸ்டர் சுருளை விரல் நுனியிலிருந்து தொடை வரை சுற்றுவேன். முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் உள்ளே நழுவும். கால்விரல்கள் மட்டும் வெளியே தெரியும். ஒரு கிழமை கழித்துத் தண்ணீரில் ஊறவைத்து, வெட்டிக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி சுற்றுவோம்.

"வயிற்றுக்குள் தான் எப்படி இருந்தேன் என்பதைக் கால் மறப்பதில்லை, சிவம்" என்பார். "முடிந்தது என்ற சொல்லை இந்த அறைக்குள் சொல்லாதே. கால் கேட்டுக்கொண்டிருக்கும்."

முதலில் வேடிக்கை என்று நினைத்தேன். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கழற்றிய பிளாஸ்டர்களை ஒரு குப்பைத் தொட்டியில் போடுவோம். மாலையில் விளக்கை அணைக்கும் முன் அந்தத் தொட்டியைப் பார்க்க எனக்கு மனம் வராது. வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் கால்கள், முழங்கால் மடக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். உள்ளே ஆள் இருக்காது.

அபிஷா வந்தது ஒரு குளிர்காலத் தொடக்கத்தில். பிறந்து சில கிழமை. இடது கால் மட்டும் வளைந்திருந்தது. தாய் சத்தியா, தகப்பன் சுதன். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார், என் வீட்டுக்குக் கிட்ட மார்க்ஸ் டோர்மோயில் இருந்தார்கள். சுதன் மாலை நேரத்தில் ஓர் உணவகத்தில் சமைக்கிறவன். நல்ல கால்தான், வளைந்து கொடுக்கிறது என்று மதாமே சொன்னார். முதல் பிளாஸ்டர் போட்டு அனுப்பினோம்.

அடுத்த முறை, சொன்ன நாளுக்கு முன்னமே சத்தியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"சிவமண்ணை, பிள்ளையின்ரை கால் உள்ளுக்குப் போகுது."

"என்ன சொல்லுறாய்?"

"பின்னேரம் பாக்கேக்கை அஞ்சு விரலும் வெளியில இருந்தது. காலமை பாத்தா மூண்டுதான் கிடக்கு. சர்ர் எண்டு ஒரு சத்தம் கேக்கும். ஆரோ கால் இழுத்து நடக்கிற மாதிரி. தொட்டிலடிக்குப் போனா நிண்டிடும்."

பிளாஸ்டருக்குள் கால் நழுவுவது நடக்கக்கூடியதுதான். நடந்தால் ஆபத்து. உள்ளே மடங்கி நிற்கிற பாதத்தில் புண் வரும், திருத்திய கோணம் எல்லாம் கெட்டு, கால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். மதாம் கழற்றினார், முழங்காலை இன்னும் மடக்கிப் புதிதாகப் போட்டார். மறுபடி நழுவியது. மூன்றாம் முறை அவர்கள் வந்தபோது ஒரு விரலும் இல்லை. பிளாஸ்டரின் வாய் மட்டும் இருண்ட துவாரமாகத் திறந்திருந்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்று சத்திரசிகிச்சை மருத்துவர் வந்து பார்த்தார். இன்னொரு முறை நழுவினால் குழந்தையை மருத்துவமனையில் வைத்துக்கொள்வதாகவும், பாதத்தைத் திறந்து பெரிய சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம் என்றும் சொன்னார். வீட்டில் யாரும் பிளாஸ்டரைப் பிடித்து இழுத்தீர்களா, நனைத்தீர்களா என்று தாதி கேட்டாள். சத்தியா இல்லை என்றாள். தாதி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னைத்தான் எல்லாரும் பாக்கினம், அண்ணை. நான் பெத்த பிள்ளையின்ரை காலை நான் இழுப்பனோ?" என்றாள் வெளியே நடையில். சுதன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மதாம் பிளாஸ்டரைத் தண்ணீரில் ஊறவைக்காமல் உலர்ந்தபடியே வெட்டியிருந்தார். உள்ளிருந்த பஞ்சைப் பிய்த்து, கை துடைக்கிற தடித்த கடதாசியில் வைத்து அழுத்தினார். ஈரமாக ஒரு வட்டம் விழுந்தது. அந்தக் கடதாசியை வெப்பக் குழாய்க்கு மேல் போட்டுவிட்டு அடுத்த குழந்தையைப் பார்த்தார். வேலை முடிந்த பிறகு எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வட்டம் காயவில்லை. அதன் ஊடாக வெளிச்சம் தெரிந்தது.

"தண்ணீர் இல்லை. எண்ணெய்" என்றார். "பாதம் சறுக்கிக்கொண்டு போகிறது. முகர்ந்து பார்."

முகர்ந்தேன். நல்லெண்ணெய். எங்கள் வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிறதுதானே என்று முதலில் நினைத்தேன். ஆனால் இது தலைக்கு வைக்கிற எண்ணெயின் மணம் இல்லை. கருகின மணம். பஞ்சில் மிளகுத் தூள் போலக் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். எரிந்த திரி. தினமும் காலையில் என் சாமித் தட்டில் துடைக்கிற அதே கரி.

யாரோ எரிகிற விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்து அந்தக் குழந்தையின் காலுக்குள் விட்டிருக்கிறார்கள்.

வெட்டிய பிளாஸ்டரை நான் தொட்டியில் போடவில்லை. மரக்கறிக் கடைப் பை ஒன்றில் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதைக் கொண்டு சுதன் வீட்டுக்குப் போனேன்.

நாலாம் மாடி, ஒரே அறை. குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சத்தியா தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் போனாள். தொட்டிலில் குழந்தை. எதிரே சப்பாத்து வைக்கிற சின்ன அலுமாரி, அதன் மேல் ஒரு படம், பிளாஸ்டிக் பூமாலை, எரிகிற விளக்கு. படத்தில் தடித்த மீசையோடு ஓர் இளைஞன். இடுப்போடு படம் முடிந்திருந்தது.

"ஆர் இது, சுதன்?"

"பெரியண்ணை."

அப்போது தொட்டிலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ர். எழுந்து போய்ப் பார்த்தேன். புதிதாகப் போட்ட பிளாஸ்டர். நான்கு விரல்கள் முழுதாகத் தெரிந்தன. சின்னவிரல் பாதி உள்ளே போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே குழந்தை காலை உதறியது, சர்ர் என்றது, சின்னவிரல் காணாமல் போனது.

பையிலிருந்த பிளாஸ்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒட்டியிருந்த கரியைக் காட்டினேன்.

"சுதன், இது விளக்குத் திரி."

அவன் குசினிப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "ஓம். நான்தான். வேலைக்குப் போக முதல் ஒவ்வொரு நாளும். சத்தியாவுக்குத் தெரியாது."

"ஏனடா?"

"இடம்பெயர்ந்து திரும்பினாப் பிறகு, வீடு எப்பிடிக் கிடக்கு எண்டு பாக்க முதலாவதா உள்ளுக்குக் கால் வைச்சவர் பெரியண்ணைதான். எங்களை ஒழுங்கையில நிப்பாட்டிப்போட்டுத் தான் போனவர். மிதிவெடி. இடது கால். காலைத் தேடிப் போக ஒருத்தரையும் விடேல்லை. பிறகு கனகாலம் அவர் இருக்கேல்லை. குறையுடம்போடதான் எரிச்சனாங்கள்." அவன் தொட்டிலைப் பார்த்தான். "இப்ப இவளுக்கும் இடது கால்தான். உள்ளுக்குப் போகுது. ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தி, விட்டிடுங்கோ பெரியண்ணை எண்டு கும்பிட்டு, அந்த எண்ணெயில கொஞ்சம் அவளின்ரை காலுக்குள்ள விடுறனான்."

"விட விடக் கால் கூடத்தானே உள்ளுக்குப் போகுது?"

"அதாலதான் கூட விட்டனான்."

பயந்து எண்ணெய் விட்டான், எண்ணெயால் கால் நழுவியது, நழுவ நழுவப் பயந்தான். அதை அவனுக்குச் சொன்னேன். காயாத கடதாசியைப் பற்றியும், நாளை காலை பிளாஸ்டரை மாற்றாவிட்டால் புண் வரும் என்பதையும், மருத்துவர் சொன்ன சத்திரசிகிச்சையையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"விளங்குது, சிவமண்ணை. எண்ணெயை நிப்பாட்டுறன். ஆனா பெரியண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?"

"தம்பியின்ரை பிள்ளையின்ரை காலை இழுக்கிற மனிசரோ அவர்?"

"இழுக்கிறார் எண்டு நான் சொல்லேல்லை. தேடுறார்."

நான் தினமும் சாமி கும்பிடுகிறவன். இறந்தவர்கள் வருவதில்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வருகிறார்கள் என்று சொல்லவும் விருப்பம் இல்லை. மடியிலிருந்த பிளாஸ்டரைப் பார்த்தேன். இடது கால். ஊரில் கால் வருத்தம் வந்தால் வெள்ளியில் கால் செய்து கோயிலுக்குக் கொடுப்பார்கள் அல்லவா? அது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அந்தப் பிளாஸ்டரைப் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். படம் முடிந்த இடத்தில் கால் தொடங்கியது போல இருந்தது.

"இனி எண்ணெயை இதுக்குள்ள விடு. பிள்ளைக்கு நெத்தியில திருநீறு காணும். கிழமைக்கு ஒருக்கா அவளின்ரை காலில இருந்து கழட்டுறதை நான் உனக்குத் தாறன். பெரியண்ணையிட்டைச் சொல்லு, இது உங்களுக்கு எண்டு."

சுதன் அந்தப் பாதத்தைச் சாண் போட்டு அளந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"அவருக்குப் பத்தாம் நம்பர் சப்பாத்து, சிவமண்ணை. இது அவரின்ரை பெருவிரலுக்கும் காணாது."

"கிழமைக்கிழமை வருமடா. பொறுக்கச் சொல்லு."

அவன் சிரித்துவிட்டான். தேத்தண்ணியோடு வந்த சத்தியா, "இவருக்குச் சிரிக்கவும் தெரியுமோ? கலியாண வீட்டுப் படத்திலயும் நான் காணேல்லை" என்றாள். பிறகுதான் படத்துக்குக் கீழே இருந்த பிளாஸ்டரைக் கண்டாள். சுதன் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னான். அவள் அவனை ஏசினாள், நன்றாகவே ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, தேத்தண்ணியில் ஒரு கோப்பையைக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். வருமுன் மதாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார், அல்லது என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன்.

"எந்தக் கால்?" என்று கேட்டார்.

"அந்த மனிதருக்கா? இடது."

போய் வெந்நீரில் கையை வைத்தார். அன்றிலிருந்து அந்தக் குழந்தையின் பிளாஸ்டரை அவர் ஊறவைக்கவே இல்லை. வெளிப்பக்கமாக ஒரே ஒரு கோடு வெட்டி, பயற்றங்காயைப் பிரிப்பது போல விரித்து, காலை உருவி எடுத்தார். கூட நேரம் எடுக்கும் வேலை. பிறகு வெட்டை மூடி, மேல் விளிம்பைச் சுற்றி வெள்ளைத் துணி நாடா ஒட்டினார். குழந்தைக்கு ஒட்டுவது போல, சுருக்கம் இல்லாமல், விரலால் தடவித் தடவி.

"இது கழற்றினதுதானே, மதாம்" என்றேன்.

"யாராவது போடப் போகிறார் என்றால், விளிம்பு உரசக் கூடாது."

அதற்குப் பிறகு கால் நழுவவில்லை. ஐந்து விரலும் கிழமை முழுதும் வெளியே இருந்தன.

அவர்கள் வீட்டில், படத்துக்குக் கீழே, பிளாஸ்டர்கள் வரிசையாகச் சேர்ந்தன. முதலாவது உள்ளே வளைந்து கிடந்தது. அடுத்தது கொஞ்சம் திரும்பியிருந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஒரே கால் வளைவிலிருந்து நிமிர்ந்து எழுந்து வருவது போல இருக்கும். சுதன் ஒவ்வொன்றிலும் விடுகிற எண்ணெய் அடுத்த நாள் இருக்காது. பிளாஸ்டர் எண்ணெயைக் குடிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும், வெறுமையாகக் கிடக்கிற அந்தக் கால்களுக்குள் எட்டிப் பார்க்க நான் விரும்பியதில்லை.

பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. குதிக்காலின் தசைநாணைச் சின்னதாக வெட்டிவிட்டு, கடைசிப் பிளாஸ்டரைப் போட்டோம். அது நேரான கால். கழற்றியபோது மதாம் நாடாவை இரண்டு சுற்று ஒட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் பெற்றோரின் வேலை. இரண்டு சப்பாத்து, நடுவில் ஒரு கம்பி. முதலில் நாள் முழுதும், பிறகு நித்திரை நேரம் மட்டும், நாலு வயது வரை. விட்டால் கால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குழந்தை அழும், கம்பியால் தொட்டிலை உதைக்கும். தொக், தொக், தொக். கீழ் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். "மதாம், என்ரை பிள்ளை நடக்கப் பழகுது, மன்னியுங்கோ" என்று சத்தியா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி அனுப்பினாள். சுதன் ஒரு நாளும் தவறவிடவில்லை. சப்பாத்தின் வாரை இறுக்கும்போது, "பெரியண்ணை தன்ரையைப் போட்டிட்டார், நீயும் போடு" என்று பிள்ளைக்குச் சொல்வானாம்.

ஒரு முறை நான் போயிருந்தபோது, கடைசிப் பிளாஸ்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளை மங்கி, குதிக்காலிலும் பெருவிரல் பக்கத்திலும் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தது. போட்டு நடந்த செருப்பு எப்படித் தேயுமோ அப்படி.

"தூசி தட்டேக்கை இழுக்கிறனியோ?" என்று சத்தியாவைக் கேட்டேன்.

"நான் அதுகளைத் தொடுறேல்லை, அண்ணை."

அபிஷா கம்பியை விட்ட வருடம் அவர்கள் பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவுக்கு வீடு மாறினார்கள். பிளாஸ்டர்களைப் பழைய துணி சுற்றி ஒரே பெட்டியில் சத்தியாவே அடுக்கினாள். பெட்டியை ஒட்டி மூடும்போது நானும் நின்றேன். புது வீட்டில் பால் காய்ச்சின அன்று அதைத் திறந்தார்கள். வளைந்தது இருந்தது, நடுவில் உள்ளவை எல்லாம் இருந்தன. நேரான கடைசிக் கால் மட்டும் இல்லை. அது சுற்றியிருந்த துணி, மடிப்புக் கலையாமல் இருந்தது.

சத்தியா மற்றப் பெட்டிகளை எல்லாம் கொட்டித் தேடினாள். நானும் தேடினேன். சுதன் தேடவில்லை. படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு நின்றான்.

"வந்து தேடுங்கோவன்!" என்று சத்தியா கத்தினாள்.

"ஏன் தேடுவான்? போட்டுக்கொண்டு போயிட்டார்" என்றான்.

அபிஷா வெறுங்காலோடு அந்த வெற்று அறையில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

மதாம் ருசெல் அப்போது ஓய்வு பெற்றுத் தன் ஊருக்குப் போயிருந்தார். வீட்டுக்குக் கொடுக்கிற எந்தப் பிளாஸ்டருக்கும் நாடா ஒட்டுகிற அவருடைய பழக்கம் அந்த அறையில் என்னோடு தங்கிவிட்டது. அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் விரல் நகத்தால் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"கடைசியில் கழற்றினதா, சிவம்?"

"ஆம், மதாம்."

"அதற்கு நான் நாடா ஒட்டினேனா?"

"இரண்டு சுற்று ஒட்டினீர்கள்."

"அப்படியென்றால் சரி" என்றார்.